முதலில் சுருட்டு, அப்புறம் பாட்டில்

இருபத்தாறு வருடம் கென்டக்கியில் ஒரு தானியப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான். விஸ்கி வடிக்கும் டிஸ்டிலரிகளுக்குப் போகும் மக்காச்சோள லாரிகளில் மாதிரி எடுத்து, ஈரம் அளந்து, கொஞ்சம் சூடாக்கி முகர்ந்து பார்ப்பது என் பிழைப்பு. பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் லாரி திரும்பிப் போகும். அந்த மூக்கை நம்பித்தான் ஆசிரியர் இந்தப் பக்கத்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போர்பன் என்ற அமெரிக்க விஸ்கிக்குச் சுருட்டை ஜோடி சேர்ப்பது பற்றி. 21 வயது ஆகாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். அமெரிக்காவில் இரண்டுக்குமே அதுதான் சட்டம்.

*கேள்வி: சார், ஓய்வு பெறும் என் மேலாளருக்கு ஒரு போர்பன் பரிசளிக்க ஆசை. கடையில் ஒரு சுவர் முழுக்கப் பாட்டில். குதிரை, வான்கோழி, ரோஜா என்று படங்களைப் பார்த்தே தலை சுற்றிவிட்டது. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?*
*– சின்சினாட்டி வாசகர்*

படத்தை விடுங்கள், பொடி எழுத்தைப் படியுங்கள். போர்பன் என்று லேபிளில் போட்டுவிட்டாலே சில விஷயங்கள் உறுதி. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வைத்தது. நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்காதது. கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை, அமெரிக்காவுக்குள் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். (இதை இங்கே லூயிவிலில் உரக்கச் சொன்னால் முறைப்பார்கள்.)

அடுத்து "ஸ்ட்ரெயிட்" என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குறைந்தது இரண்டு வருடம் பீப்பாயில் இருந்திருக்கிறது. நான்கு வருடத்துக்குக் குறைவானால் வயதை லேபிளில் போட்டே ஆக வேண்டும். அதனால் "ஸ்ட்ரெயிட்" என்று போட்டு வயது போடவில்லை என்றால், நான்கு வருடமாவது ஆனது என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த சொல் "பாட்டில்ட் இன் பாண்ட்". 1897இல் வந்த சட்டம் இது. ஒரே டிஸ்டிலரியில், ஒரே பருவத்தில் வடித்து, அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் நான்கு வருடமாவது வைத்து, சரியாக 50 சதவீத வலிமையில் அடைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பழுப்பு நிறம் வரப் புகையிலைச் சாறுகூடக் கலந்து விற்றார்களாம், அதைத் தடுக்க வந்த ஏற்பாடு. அன்றைக்குக் கலப்படமாக உள்ளே போன புகையிலைக்கு இன்றைக்கு நாம் தனியாகக் காசு கொடுத்து ஜோடி சேர்க்கிறோம், பாருங்கள்.

கடைசியாகப் "புரூஃப்" எண். அதைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம். உங்கள் மேலாளர் சுருட்டுப் பிடிப்பவர் என்றால் 90க்கும் 107க்கும் நடுவில் வாங்குங்கள். 80 புரூஃப் போர்பன் தனியாகக் குடிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சுருட்டைப் பற்றவைத்ததும் தண்ணீராகிவிடும். 110ஐத் தாண்டினால் நாக்கு மரத்துப்போய், அப்புறம் எந்தச் சுருட்டும் ஒன்றுதான். பரிசு என்பதால் ஃபோர் ரோஸஸ் சிங்கிள் பேரல் (ஒரே பீப்பாயிலிருந்து அடைத்தது) வாங்குங்கள். 100 புரூஃப். பாட்டிலும் பார்க்க லட்சணமாக இருக்கும்.

*கேள்வி: அண்ணா, "கறுப்புச் சுருட்டுக்குக் காட்டமான போர்பன், வெளிர் சுருட்டுக்கு மென்மையான போர்பன்" என்கிறார் நண்பர். விஷயம் அவ்வளவுதானா?*
*– நாஷ்விலிலிருந்து ஒரு தம்பி*

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி, தம்பி. மீதிப் பாதியை நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

2009 நவம்பர். பீப்பாயிலிருந்து எடுத்துத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே அடைத்த ஒரு போர்பன், 60 சதவீதத்துக்கு மேல். கூட நிகராகுவாச் சுருட்டு ஒன்று, கடைக்காரரே "இது கொஞ்சம் முரடு" என்று சொல்லிக் கொடுத்தது. முரட்டுக்கு முரடு என்று கணக்குப் போட்டேன். சாயங்காலம் எதுவும் சாப்பிடவில்லை. சுருட்டில் மூன்றில் ஒரு பங்கு எரிந்திருக்கும், நெற்றியில் குளிர்ந்த வேர்வை. படிக்கட்டு மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. அந்த நவம்பர்க் குளிரிலும் சட்டை நனைந்துவிட்டது. என் மனைவி வந்து பார்த்து, ஒன்றும் பேசாமல் உள்ளே போய் சர்க்கரை டப்பாவையும் வாளியையும் கொண்டு வந்தாள். முதலில் உதவியது வாளி.

பாட்டில் மீதும் தப்பில்லை, சுருட்டின் மீதும் தப்பில்லை. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது, உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்த்தோல் வழியாகவே நிகோடின் ஏறும். காலி வயிறு, காட்டமான மது, காட்டமான புகை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் இதுதான் கதி.

இன்னொன்று, நிறத்தை வைத்துச் சுருட்டின் வலிமையைச் சொல்ல முடியாது. நாம் பார்ப்பது மேலே சுற்றிய ஒற்றை இலையை. வலிமை பெரும்பாலும் உள்ளே திணித்த இலையில் இருக்கிறது. செடியின் உச்சியில் வெயிலை வாங்கித் தடித்த இலைக்கு லிஹேரோ என்று பெயர். அது எவ்வளவு உள்ளே போகிறதோ, அவ்வளவு முரடு. கன்னங்கரேல் என்று இருக்கும் மதூரோ இலை, அதிக வெப்பத்தில் நீண்ட நாள் புளிக்க வைத்ததால் கறுத்தது. சுவையில் பல நேரம் அதுதான் இனிப்பு. காபி நிறத்தில் சாதுவாக இருக்கும் சில சுருட்டுகள்தான் ஆளைச் சாய்க்கும். எனவே கடைக்காரரிடம் நிறத்தைக் கேட்காதீர்கள், "வலிமை எப்படி?" என்று கேளுங்கள்.

சரி, என் வழிமுறை. முதலில் சுருட்டைத் தேர்ந்தெடுப்பேன், அப்புறம்தான் பாட்டில். போர்பனின் ருசி ஒரு நிமிடத்தில் தொண்டை தாண்டிவிடும். புகை அப்படியல்ல, நாக்கில் மணிக்கணக்கில் குடியிருக்கும். வீட்டுக்காரரின் குணம் தெரிந்துதான் விருந்தாளியை அழைக்க வேண்டும்.

கனெக்டிகட் ஷேட் என்ற வெளிர் இலை சுற்றிய சுருட்டு எடுத்தால் (கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் துணிப்பந்தல் நிழலில் வளர்ப்பது, அதே விதையை ஈக்வடாரில் மேகமூட்டத்தின் கீழேயும் வளர்க்கிறார்கள்) எனக்கு மேக்கர்ஸ் மார்க்தான். அந்த இலையில் பாலாடை, வைக்கோல், பாதாம் போல ஒரு சாது வாசனை. மேக்கர்ஸ் மார்க்கில் ரை தானியத்துக்குப் பதில் கோதுமை. கோதுமை இனிப்பு என்று பலர் எழுதுகிறார்கள், தானியக்காரனாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரையின் மிளகுக் காரம் இல்லாததால் சோளத்தின் இனிப்பும் பீப்பாயின் இனிப்பும் மறைக்க ஆளில்லாமல் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். 2013இல் இந்த நிறுவனம் 90 புரூஃபை 84 ஆக்கப் போகிறோம் என்று அறிவித்து, வாடிக்கையாளர்கள் கொதித்து எழுந்து, பத்து நாளுக்குள் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மூன்று சதவீதத்துக்கா இவ்வளவு ரகளை என்று சிலர் சிரித்தார்கள். அவர்கள் சுருட்டு வைத்துக் குடித்துப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கேமரூன் இலை சுற்றிய ஆர்ட்டுரோ ஃபுயென்டே ஹெமிங்வே மாதிரியான சுருட்டில் பட்டை, ஜாதிக்காய் போன்ற மசாலா வாசனை உண்டு. அதற்கு ரை அதிகமுள்ள போர்பன் வேண்டும். ஃபோர் ரோஸஸ்காரர்கள் இரண்டு தானியக் கலவை, ஐந்து வகை ஈஸ்ட் வைத்துப் பத்து விதமாக வடிக்கிறார்கள். சிங்கிள் பேரலில் வருவது ரை கூடுதலான கலவை, 35 சதவீதம். மிளகும் புதினாவும் போல ஒரு துள்ளல். ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட் (முன்பு சொன்ன "பாட்டில்ட் இன் பாண்ட்"தான்) இன்னும் மலிவு, வேலை அதே வேலை.

எனக்கு நெருக்கமான ஜோடி மூன்றாவது. கனெக்டிகட் பிராட்லீஃப், அல்லது மெக்சிகோவின் சான் ஆண்ட்ரெஸ் இலையில் சுற்றிய மதூரோ. கூட வைல்ட் டர்க்கி 101. கோகோ, கடுங்காபி, உலர்திராட்சை என்று சுருட்டு ஒரு பக்கம் இழுக்கும், கருகிய சர்க்கரையும் வனிலாவும் என்று போர்பன் மறுபக்கம் இழுக்கும். இந்த ஜோடி பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. பீப்பாயைத் தீயில் கருக்கும்போது மரத்தின் ஹெமிசெல்லுலோஸ் உடைந்து கேரமல் ருசி வருகிறது, லிக்னின் உடைந்து வனிலா மணம் வருகிறது. வைல்ட் டர்க்கியில் நான்காம் நிலை வரை கருக்குகிறார்கள், உள்பக்கம் முதலைத் தோல் மாதிரி வெடித்திருக்கும். இலையோ குவியலாக அடுக்கிச் சொந்த வெப்பத்தில் வெந்து கறுத்தது. இரண்டும் சூட்டில் பழுத்தவை, அதனால் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. வைல்ட் டர்க்கி கிடைக்காவிட்டால் எவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள், பாண்டட், இருபது டாலர் சொச்சம்.

நிகராகுவா முரட்டுச் சுருட்டுதான் வேண்டும் என்றால், போர்பனை 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டிருங்கள். வாளியைப் பற்றித்தான் மேலே சொல்லிவிட்டேனே.

*கேள்வி: சுருட்டின் முனையைப் போர்பனில் நனைத்துப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து ருசிக்குமா?*

ருசிக்காது. இலை ஊறி, புகை இழுபடாமல், சுருட்டும் பாழ், போர்பனும் பாழ்.

*கேள்வி: எதை முதலில் வாயில் வைப்பது? ஐஸ் போடலாமா?*
*– இன்டியானாபோலிஸ் வாசகர்*

சுருட்டைப் பற்றவைப்பதற்கு முன்னால் போர்பனைத் தனியாக ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அதன் அசல் ருசி உங்களுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. பிறகு சுருட்டின் மூடிய தலையை, தொப்பி (தலையை மூடி ஒட்டிய சிறு இலைத்துண்டு) முடியும் கோட்டுக்கு மேலேயே வெட்டுங்கள். கீழே இறங்கி வெட்டினால் சுற்றிய இலை பிரிந்து தொங்கும். பியூட்டேன் லைட்டரோ தீக்குச்சியோ போதும். பெட்ரோல் லைட்டர் வேண்டாம், முதல் பத்து இழுப்பும் பெட்ரோல் பங்க்தான்.

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அதற்கு மேல் போனால் சுருட்டு சூடேறிக் கசக்கும், அந்தக் கசப்பை மது தலையில் கட்டுவது நம் வழக்கம். புகையை வெளியே விட்டு, இரண்டு மூச்சு பொறுத்து, அப்புறம் சிறு வாய் போர்பன். புகை வாயில் இருக்கும்போதே குடிக்காதீர்கள், சாம்பல் கரைத்த மாதிரி இருக்கும். பக்கத்தில் சாதாரணத் தண்ணீர் அவசியம். ஐஸ் போட்டால் போர்பனின் வாசனை சுருண்டுவிடும், சுருட்டோடு பேச அதற்குக் குரல் இருக்காது. காட்டம் தாங்கவில்லையா, ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். ஐஸ்தான் வேண்டும் என்றால் பெரிய கட்டி ஒன்றே ஒன்று.

*கேள்வி: எனக்கு ஒரு 20 வருடப் பாப்பி வான் விங்கிள் போர்பன் பரிசாக வந்திருக்கிறது! இதற்கு ஈடான சுருட்டு எது?*
*– அதிர்ஷ்டக்காரன், அட்லாண்டா*

எதுவும் இல்லை. பொறாமையில் சொல்லவில்லை (கொஞ்சம் பொறாமையும்தான்). இருபது வருடம் பீப்பாயில் இருந்த சரக்கின் அழகு, மெல்லிய அடுக்குகளில் இருக்கிறது. பழைய மரம், தோல், உலர்ந்த பழம் என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். புகை அத்தனையையும் ஒரே பூச்சில் பூசிவிடும். 2013இல் இந்தச் சரக்கில் சுமார் 200 பாட்டில் டிஸ்டிலரியிலிருந்தே திருட்டுப் போய் ஊரே பேசியது. அவ்வளவு மவுசு. அதைச் சுருட்டுக்கு நடுவில் குடிப்பது பட்டுப்புடவையை மடித்துக் கரித்துணியாக்குவது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு, சுத்தமான நாக்கோடு, தனியாகக் குடியுங்கள். சுருட்டுக்கு வெல்லர் வாங்கிக்கொள்ளுங்கள். அதே டிஸ்டிலரி, அதே கோதுமைக் கலவை, வயதில் இளையது.

*கேள்வி: ஜாக் டேனியல்ஸ் போர்பனா?*

போர்பனுக்கான நிபந்தனைகள் எல்லாம் பொருந்தும். ஆனால் பீப்பாயில் ஊற்றும் முன் மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக வடிய விடுகிறார்கள், தங்களை டென்னசி விஸ்கி என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்கிற பட்டத்தை நாம் ஏன் கட்ட வேண்டும்? சாதுவான சுருட்டுக்கு நன்றாகவே சேரும்.

*கேள்வி: நூற்றைம்பது டாலர் கொடுத்து, சுருட்டின் ஈரம் காக்கும் ஹியூமிடார் பெட்டி வாங்கி அன்றைக்கே சுருட்டுகளை அடுக்கினேன். ஒரு வாரத்தில் மேலிலை வெடித்துவிட்டது. பெட்டி மட்டமா?*

பெட்டி நல்ல பெட்டிதான், தாகமாக இருந்திருக்கிறது. உள்ளே இருப்பது ஸ்பானிஷ் சீடர் மரம். காய்ந்த மரம் சுருட்டிலிருந்த ஈரத்தைக் குடித்துவிட்டது. யானை வாங்கிவிட்டு அங்குசம் வாங்காத கதை. முதலில் பெட்டியின் ஈரப்பதத்தை 84 சதவீதத்தில் நிறுத்தும் ஈரப்பொட்டலத்தை வைத்து, மூடி, இரண்டு வாரம் திறக்காமல் இருங்கள். அப்புறம் 65 அல்லது 69 சதவீதப் பொட்டலத்துக்கு மாறி, சுருட்டை அடுக்குங்கள். நான் 65தான் வைக்கிறேன், எரிவது சீராக இருக்கிறது. வெயில் படும் இடம் கூடாது. 24 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இலைக்குள் உறங்கும் வண்டு முட்டை பொரிக்கலாம். ஊசித் துளை மாதிரி ஓட்டை தெரிந்தால் அதுதான். வெடித்த சுருட்டுகளை மெல்ல ஈரமேற்றிப் பாருங்கள், பிழைத்தால் லாபம்.

*கேள்வி: போர்பனுக்கு கியூபாச் சுருட்டுதானே உத்தமம்? அப்புறம், சிகார் என்று எழுதாமல் ஏன் சுருட்டு என்றே எழுதுகிறீர்கள்?*
*– டாலஸ் வாசகர்*

இரண்டாவது கேள்விக்கு முதலில். ஆங்கிலத்தில் இரண்டு முனையும் திறந்த சுருட்டுக்குச் "சிரூட்" என்று பெயர். அது நம் "சுருட்டு" கப்பலேறிப் போனதுதான். அவர்களுக்கே கடன் கொடுத்த சொல் கையில் இருக்கும்போது நான் எதற்குக் கடன் வாங்க வேண்டும்?

கியூபா விஷயம் வேறு. 1962 பிப்ரவரியில் அதிபர் கென்னடி வணிகத் தடை போட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன் தனக்கு ஆயிரம் கியூபாச் சுருட்டு வாங்கி வரச் சொன்னதாகவும், தான் 1,200 வாங்கி வந்ததாகவும் அவருடைய பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் சொன்னார். இடையில் சில வருடம் பயணிகள் கொண்டுவர அனுமதி இருந்தது, 2020 செப்டம்பரில் அதுவும் போயிற்று. ஆக அமெரிக்காவில் உட்கார்ந்து சட்டப்படி வாங்கவே முடியாது. முடிந்தாலும் போர்பனுக்கு அது உத்தமம் என்று சொல்ல மாட்டேன். புது ஓக்கின் இனிப்பு கனமானது, அதற்கு நிகராகுவா, ஹோண்டுராஸ் இலையின் மண்வாசனைதான் தோள் கொடுக்கும். கியூபாவை விட்டு வந்தவர்கள்தான் இந்தத் தொழிலை அங்கெல்லாம் வளர்த்தார்கள். பட்ரோன் குடும்பம் 1964இல் மயாமியில் தொடங்கி, பிறகு நிகராகுவாவுக்குப் போனது.

*கேள்வி: ஐயா, என் கணவர் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைக்கிறார். பட்டை, ஜாதிக்காய் என்று அழகாக எழுதுகிறீர்கள். புற்றுநோய் என்ற சொல் மட்டும் உங்கள் பேனாவில் வருவதே இல்லையே?*
*– ஒரு வாசகரின் மனைவி*

வர வேண்டிய சொல்தான், அம்மா. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

உள்ளே இழுக்காததால் சுருட்டு ஆபத்தில்லை என்று நானும் வெகுகாலம் சொல்லித் திரிந்தேன். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் சுருட்டுக்கென்றே தனி அறிக்கை போட்டது. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் நான்கிலும் சுருட்டால் புற்றுநோய் வரும் என்று அதில் இருக்கிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவு புகையிலை இருக்கலாம். மதுவும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து வெறும் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. அதாவது இந்தப் பக்கத்தில் நான் ஜோடி சேர்ப்பது எதுவோ, அதுவேதான் மோசமான ஜோடியும்.

2016இல் பல் சுத்தம் செய்யப் போனபோது, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு இருப்பதைப் பல் மருத்துவர் பார்த்தார். துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான் ஹியூமிடார் இருக்கும் அறைப் பக்கமே போகவில்லை. புற்று இல்லை என்று வந்தது. ஒன்றே முக்கால் வருடம் சுருட்டைத் தொடாமல் இருந்தேன், திட்டு மறைந்தது.

அப்புறம் திரும்பத் தொட்டேன் என்பதையும் மறைக்க மாட்டேன். மாதத்துக்கு ஒரு சுருட்டு, ஒரு கிளாஸ், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாய்ப் பரிசோதனை. இது பாதுகாப்பான அளவு என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொல்லவில்லை. இதுவரை தொடாதவர் யாராவது "ஆரம்பிக்கலாமா?" என்று எழுதினால், வேண்டாம் என்றுதான் பதில் போடுகிறேன். அந்தக் கடிதங்கள் இங்கே அச்சில் வருவதில்லை, அதுதான் குறை. உங்கள் கணவர் கத்தரிக்கும்போது இந்தப் பதிலையும் சேர்த்துக் கத்தரிக்கச் சொல்லுங்கள்.

*கேள்வி: சுருட்டை எப்படி அணைப்பது? சிகரெட் மாதிரி நசுக்கினால் வீடு முழுக்க நாறுகிறது.*

நசுக்காதீர்கள். கடைசி இரண்டு அங்குலம் வந்ததும் கிண்ணத்தில் சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள், சில நிமிடத்தில் தானே அணைந்துவிடும். ஆறியதும் வெளியே குப்பையில் போடுங்கள்.

போர்பன் கிளாஸை மட்டும் அன்றிரவு கழுவ வேண்டாம். காலையில் பல் தேய்த்துவிட்டு அந்தக் காலிக் கிளாஸை முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் எல்லாம் பறந்து போய், அடியில் மரமும் வனிலாவும் வறுத்த சோளமும் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். முந்தைய நாள் புகையில் என்னவெல்லாம் தவறவிட்டோம் என்று எனக்கு அப்போதுதான் தெரியும்.